நீல வட்டத்துக்குள் ஒரு கரும்புள்ளி: பட்டான்செருவிலிருந்து இந்தோர் வரை

சென்ற ஆண்டு, 2012 மார்ச் மாதத்தில், ஒரு கரும்புள்ளியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு 1160 கிலோமீட்டர் போய்வந்தேன். புள்ளியின் அகலம் தலைமுடியின் தடிமனில் பாதி. ஹைதராபாத்திலிருந்து இந்தோருக்கு, அங்குள்ள சிங்க்ரோட்ரான் மையத்தில் எக்ஸ் கதிர் நேரம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் யாராவது தேடினால் உதவுமே என்று எழுதுகிறேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் வேறு பதிவு பாருங்கள். நான் அரண்மனையும் பார்க்கவில்லை, ஆற்றங்கரைக்கும் போகவில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் கோவில்பட்டி. எட்டு வருடமாக ஹைதராபாத்தின் குஷாய்குடாவில் வாடகை வீடு. மனைவி செல்வி அங்கேயே ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை பார்க்கிறாள். நான் ஊரின் மறுகோடியில், பட்டான்செருவில் ஒரு மருந்து ஆலையின் ஆய்வகத்தில். 42 கிலோமீட்டர். காலை 5.50க்குக் கம்பெனி பஸ். 'யார் வேலைக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பது' என்ற சண்டையில் நான் தோற்று எட்டு வருடம் ஆகிறது.

அதே பஸ்ஸில் மௌலா அலி கமான் நிறுத்தத்தில் ஏறுவார் எத்திராஜ். சல்லடைப் பிரிவின் ஷிப்ட் ஆபரேட்டர். அவர் குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் காலத்திலேயே சிகந்தராபாத்துக்கு வந்துவிட்டது. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கோபம் வந்தால் தக்கினி இந்தி. பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இடம் அவருக்குத்தான். தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டு, எழுந்ததும் "நீங்க ஏன் சார் ஆடிக்கினே வர்றீங்க" என்று என்னையே குறை சொல்வார்.

அவர் வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. உலர்த்திச் சலித்த வெள்ளை மருந்து மாவில் கரும்புள்ளிகள் கிடைத்தன. மொத்த மாவும் நிறுத்திவைக்கப்பட்டது. எத்திராஜ் கையில் ஒரு செம்புக் காப்பு போட்டிருப்பார், ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று அவர் மனைவி போட்டுவிட்டது. ஆலைக்குள் நகை போடக் கூடாது. வழக்கமாகக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டுத்தான் வருவார். ஒரே ஒரு நாள் மறந்துபோய்க் காப்போடு உள்ளே வந்து மேற்பார்வையாளரிடம் மாட்டிக்கொண்டார். அந்த நாளின் மாவுதான் இது. காப்பு சல்லடை விளிம்பில் உரசித் தூள் விழுந்திருக்கிறது என்று பிளான்ட் மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. புள்ளியில் செம்பு இருந்தால் எத்திராஜுக்கு வேலை போய்விடும். இல்லையென்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

"காப்பு சல்லடை மேல பட்டுச்சா எத்திராஜ்?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"ஹவ் சார், மறந்து போட்டுக்கினு வந்தேன், அது என் தப்பு. ஆனா சல்லடைய நான் தொடவே இல்ல. மூடி போட்டு ஓடிக்கினு இருந்துச்சு. கைக்கு பொய் சொல்றேன் உங்க கிட்ட?" தக்கினியில் 'ஹவ்' என்றால் ஆமாம், 'கைக்கு' என்றால் எதற்கு.

சோதிப்பது என்ன பெரிய வித்தை என்று தோன்றும். கையில் இருந்த புள்ளிகளில் பெரும்பாலானவற்றை நாங்களே அமிலத்தில் கரைத்துப் பார்த்து வீணாக்கிவிட்டோம். அளவு போதவில்லை. மிஞ்சியது ஒன்றே ஒன்று, அதுவும் மாவின் சிறு கட்டிக்குள் புதைந்து, வெளியே மங்கலாகத் தெரிந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கி மேல்தோலைத்தான் பார்க்கும். கட்டியை வெட்டலாமென்றால் பிளேடு எஃகு, அதன் தூளும் சேர்ந்துவிடும். வெட்டாமல், தொடாமல் உள்ளே இருப்பதைப் பார்க்க எக்ஸ் கதிர்தான் வழி. சாதாரணக் கதிர் அகலமாக இருக்கும். இவ்வளவு சின்னப் புள்ளிக்குக் கதிரையும் ஊசி முனையாக்க வேண்டும். அந்த வசதி இந்தோரில் இருந்தது. விண்ணப்பம் போட்டு, வெள்ளிக்கிழமை காலை 9 முதல் மாலை 6 வரை நேரம் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் கட்டியை மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் ஒட்டினேன். அங்கே போய்த் தேடித் திணறக் கூடாதே என்று, நுண்ணோக்கியில் பார்த்தபடி, புள்ளி நடுவில் வருமாறு ஒரு மில்லிமீட்டருக்குச் சிறு வட்டம் போட்டேன். மெல்லிய முனை நீல மார்க்கர். கை கொஞ்சம் நடுங்கி முடிவில் ஒரு வால் இழுத்துவிட்டது. மற்றபடி நன்றாகத்தான் வந்தது. படலத்தைச் சட்டைப் பைக்குள் போகிற ஒரு குட்டி டப்பாவில் வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்கச் சல்லடை வலையிலிருந்து ஒரு கம்பித் துணுக்கும் தனி உறையில் எடுத்துக்கொண்டேன்.

புதன் காலை குஷாய்குடாவிலிருந்து சிகந்தராபாத் ஸ்டேஷனுக்கு ஆட்டோ, 12 கிலோமீட்டர், 110 ரூபாய். 6.45க்கு டெல்லி போகும் எக்ஸ்பிரஸ். மூன்றடுக்கு ஏசியில் போபாலுக்கு 1040 ரூபாய். இந்தோருக்கு நேரடி ரயில் தினமும் கிடையாது, என் தேதிக்கு எதுவும் அமையவில்லை. காஜிப்பேட்டை தாண்டியதும் ஒரு தூக்கம், பல்லார்ஷாவில் சுமாரான பிரியாணி, நாக்பூரில் ஆரஞ்சு. எதிர் இருக்கைக்காரர் நான் நிமிடத்துக்கு ஒருமுறை சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, வைரமா என்று இந்தியில் கேட்டார். டப்பாவைத் திறந்து காட்டினேன். உற்றுப் பார்த்தார், மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தார். "ஒன்றுமே இல்லையே பாய்சாப்" என்றார். அதன் பிறகு அவர் தன் பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

போபாலில் இரவு 9.40க்கு இறங்கி ஸ்டேஷன் எதிரில் ஒரு லாட்ஜில் படுத்தேன், 450 ரூபாய், ஒரு வாளி வெந்நீர் உட்பட. வியாழன் காலை 7 மணிக்கு இந்தோர் பஸ், 190 கிலோமீட்டர், நாலே கால் மணி நேரம், 300 ரூபாய். சாலை அருமை. நடுவில் ஒரு தாபாவில் அவலும் ஜிலேபியும் சேர்த்துத் தருகிறார்கள். காலையில் ஜிலேபியா என்று முகம் சுளித்தவன் இரண்டாவது தட்டும் வாங்கினேன். இந்தோர் பஸ் நிலையத்திலிருந்து மையத்துக்கு ஆட்டோ 120 ரூபாய்.

வாசலில் செல்போன், மடிக்கணினி எல்லாவற்றுக்கும் எண் எழுதிக் கொடுக்க வேண்டும். ஊரிலேயே இரண்டு பிரதி தயார் செய்துகொண்டு போங்கள். நான் அப்படிச் செய்யாமல், வெயிலில் நாற்பது நிமிடம் நின்றேன். காவலரும் டப்பாவைத் திறந்து பார்த்து, "காலி டப்பா" என்று பதிவேட்டில் எழுதினார். நான் மறுக்கவில்லை.

வெள்ளி காலை 8.30க்கு உள்ளே போனேன். என் வாழ்நாளில் அப்படி ஓர் இடத்தைப் பார்த்ததில்லை. சுமார் 170 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலக்ட்ரான்கள் ஒளி வேகத்தை எட்டிப் பிடிக்கிற மாதிரி ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது எக்ஸ் கதிரை உதறிவிட்டுப் போகின்றன. அந்தக் கதிரைக் குழாய் வழியாக வெளியே இழுத்து, ஈயம் பதித்த அறைக்குள் கொண்டு வந்து நம் மாதிரியின் மேல் விடுகிறார்கள். கதிர் பட்டதும் மாதிரியில் உள்ள ஒவ்வோர் உலோகமும் தன் அடையாளத்தோடு பதில் கதிர் விடும். இரும்புக்கு ஒன்று, செம்புக்கு ஒன்று. திரையில் கோபுரம் கோபுரமாக எழும், பீக் என்பார்கள். எந்த இடத்தில் கோபுரம் என்பதை வைத்து எந்த உலோகம் என்று சொல்லிவிடலாம்.

அந்தக் குழாயையும் அறையையும் கவனித்துக்கொண்டவர் கல்பனா மேடம். ஐம்பது வயதிருக்கும், இந்தோர்க்காரர். அவர் இந்தியில் பேசியதைத் தமிழில் தருகிறேன். கதிரைத் திறக்குமுன் ஒருவர் அறைக்குள் போய் மூலை மூலையாகப் பார்த்து, அங்கங்கே உள்ள பொத்தான்களை வரிசையாக அழுத்திவிட்டு வெளியே வர வேண்டும். உள்ளே ஆள் இல்லை என்று அப்போதுதான் இயந்திரம் நம்பும். அந்த வேலையை என்னைச் செய்யச் சொன்னார். சங்கு ஊதத் தொடங்கியதும் நான் ஓடி வந்த வேகத்தைப் பார்த்து, "இன்னும் முப்பது விநாடி இருக்கிறது, மெதுவாக வாருங்கள்" என்று சிரித்தார்.

முதலில் குவிக்காத அகலக் கதிர். "புள்ளியின் விலாசம் கண்டுபிடிக்க மட்டும்தான் இது" என்றார். 11.10க்குத் திரையில் கோபுரங்கள் எழுந்தன. இரும்பு, குரோமியம், நிக்கல், அதாவது துருப்பிடிக்காத எஃகு. பக்கத்திலேயே செம்பு. சின்னது இல்லை, நெட்டையாக ஒன்று.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பாவி மனுஷன், தொடவே இல்லை என்று சத்தியம் செய்தாரே. ஆய்வக வாசலுக்கு வந்து, அங்கிருந்த தொலைபேசியில் பிளான்ட் மேனேஜர் மூர்த்தி காருவைக் கூப்பிட்டேன் (தெலுங்கில் 'காரு' என்பது நம்ம 'அவர்கள்' மாதிரி மரியாதைச் சொல்). என் அவசரப் புத்தியைப் பற்றிச் செல்வியிடம் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவாள்.

"செம்பு இருக்கு சார்."

"நிச்சயமா?"

"பெரிய பீக் சார்."

"சரி. நான் பார்த்துக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

வந்த வேலை முடிந்தது, மூன்று மணிப் பஸ்ஸைப் பிடித்தால் ஒரு நாள் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். கல்பனா மேடம்தான் கேட்டார்: "ஊசிக் கதிரைப் பார்க்காமலா போகிறீர்கள்? கண்ணாடிகளைச் சரிசெய்ய இரண்டு மணி நேரம் ஆகும். உங்கள் நேரம் இன்னும் நிறைய இருக்கிறது."

இருந்தேன். ஏன் இருந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எத்திராஜ் ஞாபகமே அப்போது இல்லை. எக்ஸ் கதிரை எப்படித்தான் குவிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நாம் வெயிலை லென்ஸில் பிடித்துக் காகிதத்தைக் கருக்குவது போல இதைச் செய்ய முடியாது. எக்ஸ் கதிர் கண்ணாடிக்குள் நுழைந்து நேரே போய்விடும். ஆனால் மிக மிகச் சாய்வாக, உரசுகிற மாதிரி விட்டால் வழுக்கித் திரும்பும். குளத்தில் ஓட்டாஞ்சில்லைப் படுக்கையாக எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி. அப்படி இரண்டு கண்ணாடிகள், விரல் நீளம், கண்ணுக்கே தெரியாத வளைவு. ஒன்று கதிரை மேலும் கீழுமாக நெருக்கும், மற்றது பக்கவாட்டில் நெருக்கும். இரண்டையும் தாண்டி வரும்போது கதிரின் அகலம் ஐந்து மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை இருநூறு பங்கு போட்டால் ஒரு பங்கு.

கண்ணாடியை அணுஅணுவாகத் திருப்பி, ஒரு மெல்லிய கம்பியைக் கதிரின் குறுக்கே நகர்த்தி அகலத்தை அளப்பார். முப்பது மைக்ரான். மறுபடி திருப்பு. பதினெட்டு. மறுபடி. நடுவில் ஒருமுறை அறுபதுக்குத் தாவியபோது "அரே ராம்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். 1.50க்கு ஐந்தைத் தொட்டது. நான் கைதட்டிவிட்டேன். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

இனி மாதிரியைக் கதிரின் முன்னால் வரிசை வரிசையாக நகர்த்த வேண்டும். 30 வரிசை, வரிசைக்கு 30 இடம், ஓரிடத்துக்கு 4 விநாடி. ஒரு மணி நேரம். ஒவ்வோர் உலோகத்துக்கும் திரையில் தனித்தனிக் கட்டம். இரும்புக் கட்டம் இருட்டாகவே இருந்தது. செம்புக் கட்டத்தில் மூன்றாவது வரிசையிலேயே ஒளி. பிறகு அது இரண்டாகப் பிரிந்து, வரிசைக்கு வரிசை விலகிக்கொண்டே போனது. அரை மணி நேரத்தில் புரிந்தது, வளைவு. இரும்பு நடுவில் ஒற்றைப் பொட்டாக எழுந்தது, கூடவே குரோமியமும் நிக்கலும் அதே இடத்தில். அந்த இடத்தில் செம்புக் கட்டம் கறுப்பு. செம்பு சுற்றி வந்து மூடிக்கொண்டது. கடைசியில் ஒரு வால்.

என் கை நடுங்கி இழுத்த அதே வால்.

"எந்தப் பேனா?" என்றார் கல்பனா மேடம்.

"நீல மார்க்கர்."

"நீல மையில் செம்புச் சாயம் இருக்கும். அகலக் கதிர் புள்ளியையும் உங்கள் வட்டத்தையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது."

பன்னிரண்டு வருடம் ஆய்வகத்தில் இருக்கிறவன், சாயத்தில் செம்பு உண்டு என்று பாடப் புத்தகத்திலேயே படித்தவன், ஒரு மனுஷனைச் சுற்றிச் செம்பு வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மூடன், மூடன் என்று என்னையே வாய்விட்டுத் திட்டினேன். தமிழ் என்பதால் அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

மிச்ச நேரத்தில் புள்ளியை மட்டும் ஐந்து மைக்ரான் அடிகளாக நுணுக்கிப் பார்த்தோம். மாலிப்டினமும் இருந்தது. சல்லடைக் கம்பித் துணுக்கை வைத்துப் பார்த்தால் அதே கோபுரங்கள், அதே விகிதம். எங்கள் ஆலையில் உலர்ந்த மாவு தொடுகிற இடங்களில் மாலிப்டினம் கலந்த எஃகு சல்லடை வலை மட்டும்தான். வலை எங்கோ அறுந்திருக்கிறது.

5.40க்கு மறுபடி மூர்த்தி காருவுக்குப் போன். மூச்சு வாங்கச் சொன்னேன், தப்பு என்னுடையது என்று இரண்டு தடவை சொன்னேன்.

"மதியம் ரெண்டு மணிக்கே அவனைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேனே. திங்கக்கிழமை ராஜினாமா எழுதிக் கொடுக்கறேன்னு லாக்கரைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான்."

"நான் இப்பவே அவர்கிட்ட பேசறேன் சார்."

"வேண்டாம். விசாரணை விஷயம். ரிப்போர்ட் என் கைக்கு வர்ற வரைக்கும் நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது."

மையத்தின் விருந்தினர் விடுதிக்கு வந்து, செல்விக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அவள் முதலில் திட்டினாள். "உங்களுக்கு எதுல பொறுமை இருந்துருக்கு? சோறு வேகுறதுக்கு முன்னாடியே மூடியத் திறக்கிற ஆளு." அப்புறம் கேட்டாள், "பேசக் கூடாதுன்னு உங்களத்தான சொன்னாரு, என்னைய இல்லல்ல?" சனிக்கிழமை காலையில் ஷேர் ஆட்டோ பிடித்து மௌலா அலிக்குப் போய்விட்டாள். எத்திராஜ் வீட்டில் இல்லை, தெரிந்தவர் ஒருவரிடம் வேறு வேலை கேட்கக் கிளம்பிவிட்டார். அவர் மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தாள். அந்தம்மா அந்தக் காப்பைக் கழுநீர்த் தொட்டியில் எறிந்துவிட்டாராம். இருவரும் சேர்ந்து தேடி எடுத்தார்களாம்.

நான் சனிக்கிழமை பஸ், ரயில் என்று வந்த வழியே திரும்பி, ஞாயிறு மதியம் சிகந்தராபாத்தில் இறங்கினேன். போகவர மொத்தச் செலவு, விடுதியும் சாப்பாடும் சேர்த்து, 4300 ரூபாய் பக்கம் வந்தது.

போகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. மாதிரியைக் குறிக்கப் பென்சில் எடுங்கள், மை வேண்டவே வேண்டாம். மாதிரி ஒட்டாமல் அதே குறி மட்டும் போட்ட படலம் ஒன்றைத் தனியே கொண்டு போய் அதையும் அளந்து பாருங்கள், அந்த ஒன்றைச் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு அவமானம் இல்லை. ஏசி அறை எலும்பு வரை குளிரும், முழுக்கைச் சட்டை போடுங்கள். கேன்டீனில் மதியம் 1.30க்கு மேல் போனால் பருப்பு மட்டும்தான் மிஞ்சும். குவித்த கதிரில் பார்க்கும் வரை ஊருக்குப் போன் செய்யாதீர்கள்.

திங்கட்கிழமை விசாரணையில் படங்களை மேஜையில் பரப்பி வைத்தேன். வட்டம் போட்டது நான், மார்க்கர் என்னுடையது, அவசரப்பட்டுப் போன் செய்ததும் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சல்லடையைக் கழற்றிப் பார்த்தார்கள். வலையின் ஓரத்தில் இரண்டு இழை அறுந்திருந்தது. காப்போடு உள்ளே வந்ததற்கு எத்திராஜுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், எனக்கும் ஒன்று. அவர் ராஜினாமாவை எழுதியே கொண்டு வந்திருந்தார். மூர்த்தி காரு அதை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

மாலை பஸ்ஸில் எத்திராஜ் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "நக்கோ சார், விடுங்க" என்றார். பாலாநகர் தாண்டும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தவர், திடீரென்று என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"செம்பு இருக்குன்னு சொல்லிட்டீங்க, வேலை முடிஞ்சுது. அப்புறமும் உக்காந்து ரெண்டாவது தபா பாத்திருக்கீங்களே. இவன் பொய் சொல்ல மாட்டான்னு தோணிச்சு, அதான? எங்க வீட்ல அதையே சொல்லிச் சொல்லி அழுவுது சார்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அவருக்கும் நிறைவு, எனக்கும் நல்ல பெயர். வாய் வரை வந்துவிட்டது.

"இல்ல எத்திராஜ். உங்க ஞாபகமே எனக்கு இல்ல. அந்தக் கதிரை எப்படிக் குவிக்கிறாங்கன்னு பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு. அதான் இருந்தேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மௌலா அலி கமான் வந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து, படியில் நின்றபடி, "வீட்ல இத நான் சொல்ல மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.